ஏர் போனது; நடையும் போக வேண்டுமா?

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பட்டணத்து நோய்கள் என்று கிராமப்புறங்களில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வெயிலில் நின்று, சேற்றில் இறங்கி உழைக்கும் உடம்பை அந்த நோய்கள் அண்டமாட்டா என்பது உழவர்களின் நம்பிக்கை. ஒரு காலத்தில் இது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. இன்று உண்மையன்று. நிலைமை மாறியும் நம்பிக்கை மாறாததால், நோய் வந்த பின்னும் பரிசோதனைக்குப் போகாமல், காலில் புண் ஆறாத நிலையில்தான் மருத்துவமனையை நாடும் விவசாயிகள் பலர். நிலத்தையும் உடம்பையும் தவிர வேறு முதல் இல்லாத சிறு விவசாயிக்கு இதனால் ஏற்படும் நட்டம் ஒரு போக விளைச்சல் போனதைவிடப் பெரிது.

நகர வாழ்க்கை மனித உடம்பை என்ன செய்கிறது என்பதற்குச் சென்னை நகரமே சான்றாகும். அங்கு வயது வந்தோரிடையே எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளின்படி, 1989-ல் நூற்றுக்கு 8.3 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இது 1995-ல் 11.6 ஆகவும், 2000-ல் 13.5 ஆகவும், 2004-ல் 14.3 ஆகவும் உயர்ந்தது. பதினைந்து ஆண்டுகளில் ஓர் ஊர் மக்களின் பரம்பரை மாறிவிடாது. மாறியது அவர்கள் வாழும் முறையும் உண்ணும் முறையும்தான். வாசலில் வண்டி, வேலையிடத்தில் நாற்காலி, மாடிக்கு லிப்ட், மாலையில் தொலைக்காட்சி என்று விழித்திருக்கும் நேரம் முழுவதும் உட்கார்ந்தபடியே கழிகிறது.

2006-ல் சென்னை, காஞ்சிபுரம் நகரம், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் ஆகிய மூன்று இடங்களில் மற்றோர் ஆய்வு நடந்தது. சென்னையில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காஞ்சிபுரத்தில் 16.4 பேருக்கும், கிராமங்களில் 9.2 பேருக்கும் சர்க்கரை நோய் காணப்பட்டது. கிராமம் பாதியளவில்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 1989-ல் சென்னைப் பட்டணத்தில் இருந்த அளவை 2006-ல் கிராமம் தாண்டிவிட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. அதே பாதையில்தான் கிராமமும் போகிறது. புறப்பட்டது மட்டுமே தாமதம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு முடிவுகள் 2023-ல் வெளியாயின. நகரங்களில் நூற்றுக்கு 16.4 பேருக்கும், கிராமங்களில் 8.9 பேருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாக அவை தெரிவித்தன. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை சற்றே உயர்ந்து, நோயின் வாசற்படியில் நிற்பவர்களின் கணக்கில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் கிராமங்களில் என்ன நடக்கும் என்பதை இந்த ஓர் எண்ணிலிருந்தே ஊகிக்கலாம்.

ஓட்டுநரும் நடத்துநரும்

உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மாரிஸ் ஆவார். லண்டன் மாநகரில் ஓடிய இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் அவரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்து, 1953-ல் முடிவுகளை வெளியிட்டனர். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பேருந்து. ஓட்டுநர் பணி நேரம் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தாலும் அதனால் இறந்தவர்கள் ஓட்டுநர்களைவிடக் குறைவு. ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததை, சீருடை அளவுகளை வைத்து அதே ஆய்வாளர்கள் 1956-ல் எடுத்துக்காட்டினர். ஆகவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. என்றாலும், பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதே திசையைத்தான் காட்டின.

லண்டன் பேருந்துக்கும் தமிழ்நாட்டு வயலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நமது கிராமங்களில் இன்று ஓட்டுநரும் உட்கார்ந்துவிட்டார். நடத்துநரும் உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் தொடர்பு.

27 கிலோமீட்டர் எங்கே போயிற்று?

நாட்டுக் கலப்பையின் ஒரு சால் ஏறக்குறைய அரை அடி அகலம், அதாவது 15 செ.மீ. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க, ஏர் பிடித்தவர் மாட்டின் பின்னால் சுமார் 27 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். அதுவும் தார்ச்சாலையில் நடப்பது போன்ற நடையன்று. மேழியை அழுத்திப் பிடித்து, கட்டியில் கால் இடறி நடக்கும் நடை. இரண்டு மூன்று உழவு, பிறகு பரம்பு அடித்தல், வரப்பு வெட்டுதல், எரு தூக்குதல் என்று கணக்குப் போட்டால், ஒரு போகம் முடிவதற்குள் ஓர் ஏக்கர்க்காரரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பார். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொன்னதில்லை.

இன்று ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகை பேசி டிராக்டர் வருகிறது. நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்க்கிறார். ஓட்டுபவரோ இருக்கையில் அமர்ந்திருக்கிறார். ஏற்றமும் கவலையும் போய்ப் பம்புசெட் வந்து பல பத்தாண்டுகள் ஆயின. அந்த மோட்டாரைப் போடவாவது கிணற்றடிக்கு நடக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டில் படுத்தபடியே செல்போனில் மோட்டாரைப் போடும் கருவியும் வந்துவிட்டது. (இராத்திரியில் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி நடந்த நடை மிச்சமானது நல்லதே, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.) அறுப்புக்கு இயந்திரம், நெல் குத்த மில், மாவு ஆட்ட கிரைண்டர், தோட்டத்துக்குப் போக மோட்டார் சைக்கிள். அரைக் கிலோமீட்டர் தூரத்துத் தோட்டத்துக்கும் வண்டியை உதைத்துக் கிளப்பி, வரப்பு முனை வரை ஓட்டிச் செல்வது இளைஞர்களிடம் மட்டுமல்ல, அறுபது வயதுக்காரர்களிடமும் வழக்கமாகிவிட்டது.

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலும் சண்டிகரிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியாயிற்று. நகரத்தில் நூற்றுக்கு 65 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். கிராமத்திலும் நூற்றுக்கு 50 பேர் அப்படியே. கிராமத்தில் பாதிப் பேர் உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 1970-களில் எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இப்படிச் சொல்வதால் இயந்திரங்களை விட்டுவிட்டு மீண்டும் ஏருக்குத் திரும்ப வேண்டும் என்று பொருளாகாது. அவ்வாறு உபதேசம் செய்பவர்கள் ஏர் பிடித்தறியாதவர்களாகத்தான் இருப்பார்கள். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்ட பெண்களின் முதுகும், மூட்டை சுமந்தவர்களின் முழங்காலும் தேய்ந்துபோன கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆள் கிடைக்காத இந்நாளில், பருவம் தவறாமல் வேலை முடிவதே இயந்திரத்தால்தான். இயந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை உடம்பு எப்படிச் செலவிடுகிறது என்பதுதான் கேள்வி. பல ஊர்களில் அந்த நேரம் டீக்கடை பெஞ்சிலும் தொலைக்காட்சி முன்னும் செல்போனிலும் போகிறது. பட்டணத்தைத் தேடி எவரும் போகவில்லை; பட்டணத்து நாற்காலி கிராமத்துக்கு வந்துவிட்டது.

ஈரம் தங்காத மண் போன்றது உடம்பு

“நடவிலும் அறுப்பிலும் படாத பாடு படுகிறோமே, அது போதாதா?” என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. போதாது. காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

உண்ட உணவிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவை தசைகளே. அதற்கு வழி திறந்துவிடுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். உழைக்கும் தசை இன்சுலின் அதிகம் இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வரை இன்சுலினுக்கு எளிதில் இணங்கும். அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மணற்பாங்கான நிலத்துக்கு ஒரே நாளில் குளம் போல நீர் கட்டினாலும் மூன்றாம் நாள் பயிர் வாடுகிறதல்லவா? அடிக்கடி சிறிது சிறிதாகப் பாய்ச்சினால்தான் அந்த நிலத்தில் பயிர் நிற்கும். உடலுழைப்பும் அப்படித்தான். தை மாதத்து அறுப்பில் சிந்திய வேர்வை சித்திரை மாதத்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்காது. வேளாண்மை வேலை இன்று ஆண்டில் சில வாரங்கள் கடுமையாகவும், பல வாரங்கள் ஒன்றுமில்லாமலும் இருக்கிறது. அந்த வெறும் வாரங்களில்தான் ஆபத்து இருக்கிறது.

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, சற்று மூச்சு வாங்கும்படியான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. இது நாளொன்றுக்கு அரைமணி நேர விரைவு நடைக்குச் சமம். நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து இந்தியாவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளியாயின. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்று ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோயாளிகளாயினர். நடையையும் உணவையும் திருத்திக்கொள்ள வழிகாட்டப்பட்ட குழுவிலோ நூற்றுக்கு 39 பேர்தான். அந்த ஆய்வில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏற்கெனவே உடலால் உழைத்தவர்களுக்கும், நாள்தோறும் அரைமணிக்கு மேல் நடந்தவர்களுக்கும், சைக்கிள் மிதித்தவர்களுக்கும் தனியாக எந்தப் பயிற்சியும் சொல்லப்படவில்லை. செய்துவருவதை விட்டுவிடாமல் தொடருங்கள் என்று மட்டுமே சொல்லப்பட்டது.

ஆகவே விவசாயி பட்டணத்தாரைப் போல வெள்ளைக் காலணி வாங்கிப் பூங்காவில் சுற்ற வேண்டியதில்லை. தோட்டம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்தால், சுமை இல்லாத நாட்களில் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே நிறுத்திவிட்டுக் கை வீசி நடக்கலாம். போக வர அரைமணிக்கு மேல் ஆகும்; பெட்ரோலும் மிச்சம். பயிரைச் சுற்றிப் பார்த்து வரப்பு வழியே நடப்பவர் கண்ணில்தான் தண்டுத்துளைப்பானின் வெண்கதிரும் எலி வளையும் முதலில் படும். பிளஸ் 1 படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளை கல்லூரிக்குப் போன பின் திண்ணையோரம் துருப்பிடித்துக் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். அதற்கு எண்ணெய் விட்டு அப்பா மிதிக்கலாம்; இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நிலத்துக்கும் உடம்புக்கும் ஒருசேரப் பயன்படும் வேலைகளும் உண்டு. திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்து, கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை ஓட்டுகிறார்கள். ஒரு ஏக்கரில் ஒரு திசையில் மட்டும் ஓட்டி முடித்தாலே 16 கிலோமீட்டர் நடை ஆகிறது. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. காலை வெயிலுக்கு முன் நாளுக்கு 20 சென்ட் வீதம் ஓட்டினால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்ததாகும். களை மண்ணில் மடிந்து உரமாகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். வேலையற்ற மாதங்களில் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுப்பது, வேலியோரம் செதுக்குவது, எருக்குழி கிளறுவது ஆகியவற்றையும் ஒரே மூச்சில் ஆள் வைத்து முடித்துவிடாமல் நாள்தோறும் ஒரு மணி நேரமாகப் பகிர்ந்து செய்யலாம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கூலிக்கு நடவும் களையும் எடுத்துவிட்டு வந்து, சமையலும் மாடும் பார்க்கும் பெண்ணுக்கு நடக்கச் சொல்லி எவரும் அறிவுரை கூற வேண்டாம். அவருக்குத் தேவை ஓய்வு. ஆனால் கொஞ்சம் வசதி வந்ததும் வயல் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவது பல குடும்பங்களில் அந்தஸ்தாகக் கருதப்படுகிறது. அவ்வாறு வீட்டோடு அமர்ந்துவிட்ட நாற்பது வயதுப் பெண்களிடம் எடை கூடுவதையும் மூட்டு வலி வருவதையும் எவரும் கவனிப்பதில்லை. அவர்கள் நாலு பேராகச் சேர்ந்து மாலையில் நடந்தால் ஊர் சிரிக்கும் என்ற கூச்சம் வேறு. இந்தக் கூச்சத்தைப் போக்குவதில் மகளிர் குழுக்கள் உதவலாம்.

ஏர் ஓட்டியவரின் தட்டு

உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை. ஏர் ஓட்டியவருக்குப் போட்ட அதே அளவுச் சோறு, டிராக்டர் உழுவதை வரப்பில் நின்று பார்த்தவருக்கும் விழுகிறது. அதுவும் தவிடு முழுவதும் நீக்கித் தீட்டப்பட்ட வெள்ளை அரிசிச் சோறு. நார்ச்சத்து குறைந்த இது இரத்தத்தில் சர்க்கரையை விரைவில் ஏற்றும். சோற்றை அடியோடு விடச் சொல்வது நடக்காத காரியம். பட்டை தீட்டாத அரிசி கிடைத்தால் நன்று. இல்லையேல் சோற்றைக் கால் பங்கு குறைத்து அந்த இடத்தில் கீரையும் காயும் பயறும் வைப்பது எல்லார் வீட்டிலும் முடியும். கத்தரியும் வெண்டையும் பயிரிடுபவர்களே காயை முழுவதும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, ரசமும் ஊறுகாயுமாக உண்பது வேதனைக்குரியது. கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்ற எண்ணமும் சரியன்று. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழும் ஏற்றத்தான் செய்யும், அளவு முக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை ஆகிறது. வேலையற்ற நாளில்தான் டீயும் அதிகம் போகிறது.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்

சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி இழக்கும். பட்டணத்துக்காரர் செருப்போடும் பூட்சோடும் இருப்பவர். விவசாயி வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர். முள்ளும் நத்தை ஓடும் அறுத்த நெல் தாளும் குத்தியது அவருக்குத் தெரியாது. ஈரத்திலேயே நின்று விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், வலிக்காததால் கவனிக்கமாட்டார். சீழ் வைத்து எலும்பு வரை போன பின், விரலையோ காலையோ எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகிறது. கால் போன சிறு விவசாயி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருவதைத் தவிர வேறென்ன செய்வார்?

நோய் உள்ளவர்கள் வரப்பில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று எம்.சி.ஆர். என்னும் மிருதுவான ரப்பர் செருப்பு உண்டு. சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கரையேறியதும் காலைக் கழுவி விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, பாதத்தின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்தோ, வீட்டில் உள்ளவர்களைக் கொண்டோ பார்க்கலாம். ஆணியைப் பிளேடால் தாமே அறுப்பதும், குளிருக்கு நெருப்பில் பாதத்தைக் காட்டுவதும் கூடாது.

மாத்திரை உண்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் வெறும் வயிற்றோடு கடும் வேலைக்குப் போனால் சர்க்கரை அளவு மீறி இறங்கிவிடும். கை நடுக்கம், குப்பென்ற வேர்வை, தலைசுற்றல், பசி ஆகியவை அதன் அறிகுறிகள். வயலில் வேர்ப்பது இயல்புதானே என்று இருந்துவிட்டால் மயக்கம் வரும். மருந்து தெளிக்கும்போது வந்தால், பூச்சிமருந்தின் விஷம் ஏறியதா, சர்க்கரை இறங்கியதா என்று குழப்பமும் ஏற்படும். ஆகவே மடியில் எப்போதும் மூன்று கரண்டிச் சர்க்கரையோ ஒரு வெல்லக்கட்டியோ இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், இன்சுலின் குப்பியை நனையாதபடி மூடிக் குளிர்ந்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

முப்பது வயதைத் தாண்டிய அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் எனப்படும்; மறுமுறையும் பார்த்து மருத்துவர் உறுதி செய்வார். 100 முதல் 125 வரை இருந்தால் வாசற்படி நிலை. இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் கவனிக்க வேண்டும். அதற்கு அறிகுறி எதுவும் இராது. மாத்திரை வாங்க மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருப்பதாலேயே சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்கள் அநேகர். இதற்காகவே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடாயிற்று. பெயரைப் பதிந்துகொள்ளாதவர்கள் ஊர்ச் செவிலியரை அணுகிக் கேட்கலாம். பரிசோதனைக்குப் போகும் நாளில் இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல், காலையில் டீ கூடக் குடிக்காமல் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம்.